ஆவி பிடிப்பது: சின்னவனுக்கு வேண்டாம், பெரியவர்களுக்கு ஆட்சேபமில்லை

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நாங்கள் திண்டுக்கல் பக்கம். மழை பிடித்ததிலிருந்து வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளி. மூத்தவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு இரண்டரை. யாருக்கு மூக்கு ஒழுகினாலும் என் மாமியார் குண்டானில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, நொச்சி இலை, மஞ்சள் தூள், இரண்டு கற்பூரக் கட்டி போட்டு ஆவி பிடிக்கச் சொல்வார். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு போர்வைக்குள் மூடிக்கொள்வார். அவன் அலறுவான். குழந்தை டாக்டர் ஆவியே வேண்டாம் என்கிறார். "போன வருஷம் இவனுக்கு இழுத்தப்போ ஆஸ்பத்திரியிலேயே ஆவிதானே வைத்தார்கள்?" என்று மாமியார் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் கணவர் கொரோனா சமயத்தில் ஆரம்பித்தவர், இன்றுவரை தினமும் தூங்கும் முன் மிஷினில் விக்ஸ் போட்டு ஆவி பிடிக்கிறார். மூக்கில் இருக்கும் கிருமி செத்துவிடும் என்கிறார். மாமியாருக்கு 66 வயது, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அவருக்கு ஒரு மாதமாக இருமல், அதையும் ஆவி பிடித்தே சமாளிக்கிறார். ஆவி நல்லதா, கெட்டதா? எத்தனை நிமிடம் பிடிக்கலாம்? தண்ணீரில் எதைப் போடலாம்? பிடிக்காவிட்டால் சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு ஆவி பிடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நாளைக்கு ஒரு தடவை மட்டும், மாமியாருக்குப் பதில் நானே பிடிக்கிறேன் என்ற சமரசமெல்லாம் வேண்டாம். உங்கள் குழந்தை டாக்டர் சொன்னது சரி.

பயப்பட வேண்டியது ஆவிக்கு இல்லை, குண்டானுக்கு. கொதித்த தண்ணீர், அதன் மேல் போர்வை, போர்வைக்குள் இருட்டு, மடியில் திமிறுகிற குழந்தை. அவன் ஒரு உதை விட்டால் போதும். 60 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர் ஐந்தாறு நொடி பட்டால் பெரியவர்களின் தோலே ஆழமாக வெந்துபோகும். 70 டிகிரி என்றால் ஒரு நொடிதான். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய குண்டான் இதையெல்லாம்விடச் சூடாக இருக்கும். குழந்தையின் தோலோ இன்னும் மெல்லியது. தண்ணீர் மடியில் கவிழ்ந்தால் வேகிற இடம் வயிறு, தொடை, பிறப்புறுப்பு. நனைந்த போர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். பாட்டியும் சேர்ந்துதான் வேகவேண்டிவரும், சுகர் உள்ளவருக்கு அந்தப் புண் சீக்கிரம் ஆறாது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2020இல், கொரோனாவின் முதல் அலையில், இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள் லான்செட் என்ற மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஆவி பிடிக்கும்போது வெந்து வருகிற குழந்தைகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடிவிட்டது என்பதுதான் விஷயம். நோய்க்குப் பயந்து வீட்டுக்கு வீடு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்த நேரம் அது.

எப்போதாவது கொட்டிவிட்டால் செய்யவேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடையைக் கழற்றிவிட்டு, வெந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரின் கீழே 20 நிமிடம் காட்டுங்கள். 20 நிமிடம் என்பது நின்று பார்த்தால் ரொம்ப நேரமாகத் தெரியும், பரவாயில்லை, நில்லுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கவேண்டாம். பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் கட்டி எதுவும் கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, ஆஸ்பத்திரியில் வைத்த ஆவிக்கு வருகிறேன். உங்கள் மாமியார் கேட்டது நியாயமான கேள்வி, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே குழந்தையின் முகத்தில் ஒரு மாஸ்க் மாட்டி, அதிலிருந்து வெள்ளையாகப் புகைபோல வந்திருக்கும். பார்க்க ஆவி மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதில் சூடு கிடையாது, கையை நீட்டிப் பார்த்தால் சில்லென்று இருக்கும். அதன் பெயர் நெபுலைசர். திரவ மருந்தின் ஊடே காற்றை வேகமாகச் செலுத்தி, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிலிருந்து ஐந்து பங்கு அளவே உள்ள துளிகளாக அது உடைக்கிறது. அவ்வளவு பொடியாக இருந்தால்தான் நுரையீரலின் சின்னக் குழாய்கள்வரை போய்ச் சேரும். வேலை செய்தது அதற்குள் இருந்த சால்புடமால் போன்ற மருந்து. சுருங்கிப்போன மூச்சுக்குழாயைத் தளர்த்துவது அந்த மருந்துதான். குண்டானில் அந்த மருந்தும் இல்லை, அந்தத் துளியும் இல்லை.

இன்னொன்று, ஒரு தடவை இழுத்த குழந்தை என்பதால் கற்பூர வாடையும் சூடான ஈரக் காற்றும் அவனுக்கு இழுப்பைத் தூண்டிவிடவும் கூடும். அவன் அலறுவது அடம் என்று மட்டும் நினைக்கவேண்டாம்.

இனி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விஷயம். அடுப்பில் கொதிக்கும் தண்ணீரிலிருந்து கிளம்பும் ஆவி நம் முகத்துக்கு வருவதற்குள்ளேயே காற்றோடு கலந்து ஆறிவிடுகிறது. மூக்குக்குள் நுழைந்ததும் அது ஈரமாகப் படிகிறது, காய்ந்து ஒட்டியிருக்கும் சளி இளகுகிறது, சிந்தினால் வெளியே வருகிறது. மூக்கிலும் தொண்டையிலும் ஒரு இதம் கிடைக்கும். தலைபாரம் கொஞ்சநேரம் குறைந்த மாதிரி இருக்கும். அதைத் தாண்டி ஆவி கீழே போவதில்லை. நாம் இழுக்கும் காற்றை, அது மார்கழிக் காற்றாக இருந்தாலும் சித்திரை வெயில் காற்றாக இருந்தாலும், உடல் சூட்டுக்கும் முழு ஈரத்துக்கும் கொண்டுவந்து உள்ளே அனுப்புவதுதான் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் அன்றாட வேலை. ஆகவே நெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் சளியை ஆவி போய்க் கரைக்கிறது என்பது நடக்காத காரியம்.

உங்கள் கணவர் சொல்லும் "கிருமி செத்துவிடும்" என்ற கணக்கை எடுத்தவுடன் தள்ளிவிட முடியாது. சளி வைரஸ்களில் முக்கியமான ரைனோ வைரஸ் 33 முதல் 35 டிகிரியில்தான் நன்றாகப் பெருகும். நம் மூக்கின் உட்புறச் சூடும் கிட்டத்தட்ட அதுதான். அப்படியென்றால் மூக்கைச் சூடாக்கினால் வைரஸ் அடங்கிவிடாதா? இப்படி யோசித்தவர்களில் 1965இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஆந்த்ரே லுவோஃபும் ஒருவர். இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்தில் ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் இருந்தது. அங்கே டேவிட் டிரல் குழுவினர் 43 டிகிரி ஈரக் காற்றைச் சிலருக்கும், 30 டிகிரி காற்றைச் சிலருக்கும் 20 நிமிடம் கொடுத்துப் பார்த்தார்கள். சூடான காற்று வாங்கியவர்களின் தொந்தரவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 1989இல் எழுதினார்கள். அத்தோடு கதை முடிந்திருந்தால் உங்கள் கணவர் ஜெயித்திருப்பார்.

ஆனால் அடுத்த வருஷமே அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அதே முறையைச் செய்துபார்த்தபோது பலன் ஒன்றும் தெரியவில்லை. 1994இல் வெளியான இன்னொரு ஆய்வில், மூக்கிலிருந்து வெளிவரும் வைரஸின் அளவும் குறையவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு வெளியிட்ட தொகுப்பு 2017இல், இருக்கிற ஆறு ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் ஜலதோஷத்துக்கு ஆவி தொடர்ந்து பலன் தருவதாகச் சொல்லமுடியாது என்று முடித்தது. அந்த ஆறிலும் சேர்த்தே 400 பேர்கூட இல்லை என்பதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 2013இல் கொஞ்சம் பெரிதாக, 889 பேரை வைத்து, காய்ச்சல் மாத்திரைகளோடு ஆவியையும் சேர்த்துச் சோதித்தார்கள். ஆவி பிடித்ததால் நோய் முன்கூட்டித் தீரவில்லை. அவர்களில் 4 பேருக்கு லேசாக வெந்ததுதான் மிச்சம், அதுவும் டாக்டர் சொல்லிக் கொடுத்துப் பிடித்தவர்களுக்கு. வைரஸ் மூக்குத் தோலின் உயிரணுக்களுக்குள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்துக்கு ரத்தம் ஓடிக்கொண்டே இருப்பதால் வெளிச்சூடு அங்கே தங்குவதும் இல்லை. வைரஸைக் கொல்லும் அளவுக்குச் சூடேற்றினால் முதலில் சாவது நம் உயிரணுக்கள்தான்.

கொரோனாவுக்கும் இதே பதில்தான். 2021 மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, தமிழ்நாட்டில் பொது இடங்களில் குழாய் வைத்து வரிசையாக ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். அப்போது சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியன் பொது இடங்களில் அப்படிச் செய்யவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவேண்டியிருந்தது. மாஸ்க்கைக் கழற்றிவிட்டு பத்துப் பேர் ஒரே இடத்தில் மூச்சை இழுத்து விடுவதைவிடத் தொற்று பரவ நல்ல வழி எது? குக்கரின் விசில் குழாயில் ரப்பர் டியூப் மாட்டிக்கொண்டு பிடித்தவர்களும் உண்டு. அதைப் பற்றி எழுதவே கை கூசுகிறது.

ஆக, உங்கள் கணவருக்கு என் பதில்: சளி இல்லாத நாளில் ஆவி எதற்கும் உதவாது, விட்டுவிடலாம். தினமும் பிடித்தால்தான் தூக்கம் வருகிறது, மூக்கு திறக்கிறது என்றால், அவருக்கு நாள்பட்ட மூக்கடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வாமையா, மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறதா, சைனஸா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். அடிக்கடி சைனஸ் தொந்தரவு வருகிற 871 பேரை வைத்து 2016இல் கனடா மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவியவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி சற்றுக் குறைந்தது, மற்றபடி ஒன்றுமில்லை. மெடிக்கலில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்து (ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை) பக்கம் மட்டும் போகவேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். பிறகு அந்தச் சொட்டை விடமுடியாமல் வருஷக்கணக்கில் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள்.

மூக்கைக் கழுவுவதென்றால் அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு சின்ன டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்கவேண்டும். குழாய்த் தண்ணீரை, கிணற்றுத் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக்கூடாது. கேரளத்தில் சமீப வருஷங்களில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். அது உடம்புக்குள் வருவது முக்கியமாக மூக்கு வழியாகத்தான்.

ஜலதோஷம் வந்த நாளில் பெரியவர்கள் இதத்துக்காக ஆவி பிடிக்க ஆசைப்பட்டால், எனக்கு ஆட்சேபமில்லை. நன்றாக இருக்கிறது என்று உணர்வதும் ஒரு பலன்தான். பிடிக்கிற விதத்தைத்தான் மாற்றவேண்டும். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, சில நிமிடம் ஆறவிட்ட பிறகு உட்காருங்கள். எரிகிற அடுப்பின் மேல் குனிந்து பிடிப்பது, மடியில், கட்டிலில், பிளாஸ்டிக் ஸ்டூலில் பாத்திரத்தை வைப்பது எல்லாம் கூடாது. அடி அகலமான, கனமான பாத்திரம், கைக்கும் காலுக்கும் எட்டாத சுவரோரம் உள்ள மேசை, குழந்தைகள் அந்த அறையில் இல்லாத நேரம். போர்வை வேண்டாம், தலையில் ஒரு துண்டு போதும், வேண்டுமென்றால் அதை உடனே தள்ளிவிடலாம். முகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருக்கட்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முகம் எரிந்தால் கிட்டே இருக்கிறீர்கள் என்று பொருள். ஐந்து நிமிடம், மிஞ்சிப்போனால் பத்து. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை. முடிந்ததும் முதல் வேலை தண்ணீரைக் கொட்டிவிடுவது. ஆவி பிடிக்கும்போது நடப்பதைவிட, பிடித்துவிட்டுக் கீழே வைத்த பாத்திரத்தில் நடக்கும் விபத்தும் குறைவில்லை.

மிஷின் குண்டானைவிடப் பரவாயில்லை, ஆனால் அதையும் நம்பிவிடவேண்டாம். மலிவான மாடல்கள் சிலவற்றில் தண்ணீருக்குள்ளேயே மின்சாரம் ஓடித்தான் சூடாகிறது. பிளக் இருக்கும்போதே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும். தண்ணீர் விட்டு, மூடி, பிறகு சுவிட்ச். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கையை வைக்கவேண்டும். விக்ஸ், தைலம் எதையும் தண்ணீர்த் தொட்டிக்குள் போடாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு உள்ளே படிந்து அடைக்கும்.

தண்ணீரில் எதைப் போடலாம் என்று கேட்டீர்கள். எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். நொச்சி இலை, துளசி, ஓமம் போட்டால் வாசனை மனசுக்கு இதமாக இருக்கும். இலையை அலசிப் போட்டால் பெரியவர்களுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. மஞ்சள் தூள் ஆவியாகாது, பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடும். குண்டானைத் தேய்க்கிறவருக்குத்தான் வேலை கூடுதல்.

விக்ஸ், பாம் வகையறாவில் இருக்கும் மென்தால் ஒரு சுவாரசியமான சமாச்சாரம். மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை அது தட்டிவிடுகிறது. காற்று சில்லென்று உள்ளே போவதாக மூளை எடுத்துக்கொள்கிறது. "மூக்கு திறந்துவிட்டது" என்று நினைக்கிறோம். கருவி வைத்து அளந்தால் மூக்கின் அடைப்பு மாறியிருக்காது. ஏமாற்று என்றாலும் இதமான ஏமாற்று, ராத்திரி தூக்கம் வரும் என்றால் பெரியவர்கள் நெஞ்சில் கொஞ்சம் தடவிக்கொள்ளட்டும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தடவவே கூடாது. எந்த வயதிலும் மூக்குக்குள் அப்பக்கூடாது.

கற்பூரம் மட்டும் எனக்கு ஒவ்வாத பொருள். சாமிக்கு ஏற்றுவது வேறு விஷயம், குழந்தைகள் உள்ள வீட்டில் அதை மருந்தாக வைத்திருப்பது வேறு. பார்க்கக் கல்கண்டு மாதிரி இருக்கும். சின்னக் குழந்தை ஒரு கிராம் விழுங்கினால்கூட உயிருக்கு ஆபத்தாகலாம், சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்துவிடும். கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவது, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது இரண்டையும் விட்டுவிடச் சொல்வேன். யூகலிப்டஸ் தைலத்துக்கும் இதே குணம் உண்டு. இந்த இரண்டும் உள்ள தைலங்களும் பாம்களும் பெரியவர்களுக்கே வலிப்பைத் தூண்டக்கூடும் என்று பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் முன்னின்று செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. வீட்டில் யாருக்காவது வலிப்பு நோய் இருந்தால் ஆவி தண்ணீரில் இவை வேண்டவே வேண்டாம்.

மூத்தவளுக்கு 9 வயது. சொன்னால் கேட்பாள் என்றாலும் குண்டான் முன் உட்காரவைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். ரொம்ப அடைப்பாக இருந்தால், குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, நீங்களும் அவளும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். வாளி அவள் பக்கத்தில் இருக்கவேண்டாம். சூடாக ரசமோ, மிளகு போட்ட சூப்போ குடித்தாலும் ஏறக்குறைய அதே இதம் கிடைக்கும்.

சரி, ஆவி இல்லாவிட்டால் சின்னவனுக்கு என்னதான் செய்வது? மூக்குக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு. மெடிக்கலில் சலைன் நேசல் டிராப்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், விலை குறைவு, மருந்து எதுவும் கலக்காதது. சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஆவியால் நீங்கள் எதிர்பார்த்த வேலையை இது அவன் அலறாமல் செய்துவிடும், சரி, கொஞ்சம் அலறுவான். ராத்திரி இருமலுக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூன் தேன். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு மட்டும்தான் தேன், அதற்குக் கீழே கொடுத்தால் பாட்டுலிசம் என்ற அபூர்வமான, கொடிய நஞ்சுக்கு வாய்ப்பு உண்டு. தண்ணீர், கஞ்சி, பால் எது குடிப்பானோ கொடுத்துக்கொண்டே இருங்கள். பால் குடித்தால் சளி பெருகும் என்று நிறுத்தவேண்டியதில்லை. தலைக்குக் குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். எந்தப் புகையும் ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழாயை மேலும் அரிக்கும், இழுத்த குழந்தைக்கு இன்னும் மோசம்.

இருமல் சிரப் வாங்கி ஊற்றவேண்டாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்து, 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனது நினைவிருக்கும். அதன் பிறகு மத்திய சுகாதாரத்துறை, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகள் கூடவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகத் தேவையில்லை என்று அறிவுறுத்தியது. விஷம் கலக்காத சிரப்பாலும் அந்த வயதில் பெரிய பயன் இல்லை என்பதைக் குழந்தை மருத்துவர்கள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளுமா என்ற உங்கள் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க நுண்ணிய மயிர் போன்ற இழைகள் இருக்கின்றன. சளியை ராப்பகலாக மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. தொண்டைக்கு வந்ததும் பெரியவர்கள் துப்புவோம், குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள். விழுங்கினால் ஒன்றும் ஆகாது, மலத்தோடு போய்விடும். மஞ்சளாக, பச்சையாகச் சளி வந்தாலே ஆன்டிபயாடிக் வேண்டும் என்பதும் கிடையாது. சாதாரண ஜலதோஷம் ஏழு முதல் பத்து நாள், இருமல் மட்டும் சிலருக்கு மூன்று வாரம்வரை இழுக்கும்.

கவனிக்கவேண்டியது சளியின் நிறத்தை அல்ல, மூச்சை. அவன் அழாமல் இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் போனால் வேகமான மூச்சு. (இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை என்றால் 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60.) மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், எழுப்பினாலும் சோர்ந்து சோர்ந்து விழுந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தாலும் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் மாமியார். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்தில் என்னை நிறுத்தியது. 66 வயது, சுகர், பிரஷர், ஒரு மாதமாக இருமல், அதற்கு ஆவி. இது ஜலதோஷ இருமல் கிடையாது, அதற்கான காலம் கடந்துவிட்டது. நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிடவேண்டும் என்பது அரசின் விதி. சுகர் உள்ளவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உடனே அதுதான் என்று முடிவுகட்டிப் பயப்படவேண்டாம். வேறு காரணங்களும் இருக்கின்றன. பிரஷருக்குச் சாப்பிடும் மாத்திரை அட்டையைப் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் என்று "பிரில்" சேர்ந்த பெயராக இருந்தால், அந்த வகை மாத்திரை சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் வேறு வகைக்கு மாற்றிக்கொடுப்பார், சில வாரத்தில் இருமல் அடங்கும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், ராத்திரியில் இழுப்பு, விறகடுப்புப் புகை இவற்றையும் டாக்டர் கேட்பார். கால் வீங்கினாலோ படுத்தால் மூச்சு முட்டினாலோ அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், இருதயத்தையும் பார்க்கவேண்டிவரும்.

பேரனுக்கு ஆவி பிடிப்பதை நிறுத்தச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நீங்கள் செய்தது தப்பு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "உங்கள் இருமலைக் காட்டிவிட்டு வருவோம் அத்தை, அப்படியே இவனுக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டுவிடலாம்" என்று கூப்பிட்டுப் பாருங்கள். இவ்வளவு சிரத்தையாக நொச்சி பறித்து வந்து பேரனைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, மூக்குச் சொட்டு விடுவதும் மூச்சை எண்ணுவதும் கஷ்டமான வேலை இல்லை, அவரிடமே அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

சளிப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் இலவசம். அவர்கள் கொடுக்கும் டப்பாவில் காலையில் எழுந்ததும், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஆழமாக இருமி வரும் கோழையைப் பிடிக்கவேண்டும், எச்சில் பயன்படாது. நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். போகும்போது அவருடைய சுகர் நோட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகள், பழைய எக்ஸ்ரே இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு எச்ஐவி, சுகர் பரிசோதனையும் சேர்த்தே செய்வது வழக்கம், அதைக் கேட்டு அவர் கலங்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முடிவு வரும்வரை இருமும்போது வாயைத் துணியால் மூடிக்கொள்ளட்டும், இரண்டு குழந்தைகளும் அவரோடு ஒரே பாயில் படுக்கவேண்டாம், அறை ஜன்னல் திறந்திருக்கட்டும். இந்த வாரத்துக்குள் போய்விடுங்கள்.